தண்ணீர்க் கணக்கு நம்மிடமே இருக்கட்டும்

(அட்டனில் தோட்ட நீர்க்குழு உறுப்பினர்களும் ஆசிரியர்களும் மரக்கறிச் செய்கையாளரும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எம்மைப் பேச அழைத்தவர்கள் தந்த பொருள் சற்றுப் புதுமையானது. குழாயில் ஓடும் நீரை அளந்து, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடிற்று என்று கையடக்கத் தொலைபேசியிலே காட்டும் கருவிகள் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றை வெளிநாட்டுக் கம்பனியின் கணினியோடு இணைக்காமல், இணையத்தின் தயவும் இல்லாமல், நம் வீட்டுக்குள்ளும் நம் லயத்துக்குள்ளும் வைத்தே பயன்படுத்த இயலுமா, இயலுமெனில் அதனால் நமக்கு விளையும் நன்மை யாது என்பதே கேள்வி. சட்டம் படித்த நமக்குக் குழாய் வேலையில் என்ன பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மலைநாட்டில் நம் மக்கள் இழந்தவற்றுள் பல, கணக்கு யார் கையில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் இழந்தவை. ஆதலால் கணக்கைப் பற்றிய பேச்சு நமக்கு அந்நியமானதன்று.

கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துப் பாருங்கள். காலை தொட்டு மலையிலே நின்று, அட்டை கடிக்க, மழையில் நனைந்து பறித்த கொழுந்து தராசிலே தொங்குகிறது. முள் எங்கே நின்றது என்பதைப் பறித்தவள் காணுமுன்னரே எண் சொல்லப்படுகிறது. சாக்குக்கு இவ்வளவு கழிவு. ஈரத்துக்கு இவ்வளவு கழிவு. புத்தகத்தில் ஏறியது எதுவோ அதுவே நிறை. அன்றைய பெயர் அரைப்பெயராகிவிட்டால், "நான் பதினெட்டுக் கிலோ பறித்தேன்" என்று அவள் சொல்வதற்கு ஆதாரம் ஏது? எல்லாத் தோட்டங்களிலும் இப்படியே நடக்கிறதென்று நாம் கூறவில்லை. மின்னணுத் தராசு வந்துவிட்ட தோட்டங்களும் உண்டு. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் தராசைச் சோதித்து முத்திரையிடவும் வழி செய்திருக்கிறது. ஆனால் தராசு நேராயிருந்தாலும் பேனா வளையலாமே! அதற்கு முத்திரையிட இன்னும் ஒரு திணைக்களம் ஏற்படவில்லை.

இதனினும் பெரிய கணக்கொன்று உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம், பதிவு கேட்டு வந்தவரைப் பார்த்து, 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. மணமானவருக்கு 7 ஆண்டு. மணமாகாதவருக்கு 10 ஆண்டு. அந்த ஆண்டுகளை வாழ்ந்து தீர்த்தவர்கள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும். அவர்கள் வேலை செய்த நாட்களை எழுதிய செக்ரோலோ தோட்டக் கந்தோரில் இருந்தது. தம் வாழ்வைத் தாமே நிறுவ, பிறர் அலுமாரியில் கிடந்த ஏட்டைத் தேடிப் போகவேண்டிய நிலை ஒரு சமூகத்துக்கு ஏற்பட்டது. அதன் பின் என்ன நடந்ததென்பதை இந்தச் சபையிலே எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். இம்மலைகளின் நீரை இந்த நாடு அளந்துதான் பயன்படுத்துகிறது. கெசல்கமுவ ஓயாவை மறித்து 1950 இல் நோர்ட்டன் அணையும் 1965 இல் காசல்ரி அணையும் எழுந்தன. மஸ்கெலியா ஓயாவில் 1969 இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரின் அடியில் போயிற்று. 2012 இல் தலவாக்கலையிலே மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. அந்த நீர்த்தேக்கங்களில் நீர் எத்தனை மீற்றர் ஏறிற்று, எத்தனை மீற்றர் இறங்கிற்று என்பது நாள்தோறும் எழுதப்படுகிறது. அதே நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் லயத்துக்குப் போய், "பீலிக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் வருகிறது?" என்று கேளுங்கள். "காலையில கொஞ்சம் வரும், பின்னேரம் நூல் மாதிரி வரும்" என்பதுதான் பதில். மின்சாரத்துக்குப் போகும் நீருக்கு எண் உண்டு. மனிதர் குடிக்கும் நீருக்கு நூல்தான் உவமை!

இப்படி எண் இல்லாததால் வரும் கேடு என்ன? தண்ணீர் போதவில்லை என்று லயத்தார் கந்தோருக்குப் போகிறார்கள். "போகிற தண்ணீர் போதும், நீங்கள்தான் குழாயைத் திறந்து விட்டு வீணாக்குகிறீர்கள்" என்று மறுமொழி வருகிறது. இரு தரப்பாரிடமும் எண் இல்லை. எண் இல்லாத வழக்கில் நாற்காலியில் இருப்பவர் சொல்வதே எடுபடும் என்பதை நீதிமன்ற வாசலில் காலம் கழித்த நாம் நன்கறிவோம். ஊற்று ஒன்றாகவும், அதிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு குழாய், பங்களாவுக்கு ஒரு குழாய், லயங்களுக்கு ஒரு குழாய் என்றும் பிரிந்திருக்கும் இடங்களில் இந்த வழக்கு இன்னும் கசப்பாகிறது.

போய் முறையிட வேண்டிய இடமும் ஒன்றன்று. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. நலன்புரி வேலைக்கென்று அதே ஆண்டில் நிதியமொன்று நிறுவப்பட்டது. நகரக் குழாய்க்கு நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை இருக்கிறது. பிரதேச சபைக்குப் போனாலோ, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணம் செலவிட இயலாதென்று நெடுங்காலம் கைவிரித்தார்கள். 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனிச் சபைகளும் வந்தன. தடை விலகிய பின்னரும் வெறுங்கையோடு சபைக்குப் போவது நம் குற்றமாகும். எத்தனை பேருக்கு எத்தனை லீற்றர் குறைகிறது என்ற கணக்கோடு போகவேண்டும்.

இப்போது கருவியைப் பார்ப்போம். இதிலே மந்திரம் ஒன்றும் இல்லை. குழாயின் நடுவே ஒரு சிறு சில்லு இருக்கிறது. நீர் ஓடினால் அது சுழலும். சில்லிலே காந்தம் பதித்திருக்கிறது. வெளியே காந்தத்தின் அசைவை உணரும் உறுப்பொன்று இருக்கிறது. சுழலச் சுழல அது மின்துடிப்புகளைக் கொடுக்கும். அத்துடிப்புகளை எண்ணினால் லீற்றர் கணக்கு வந்துவிடும். கொழும்பிலே மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் அரை அங்குல உணரி ஒன்று, லீற்றருக்கு ஏறத்தாழ 450 துடிப்பு கொடுப்பது. குழாயை அறுக்காமல், பொருத்தியிருக்கும் நீர்மானியின் மேலே பட்டியால் கட்டி, உள்ளே சுழலும் காந்தத்தை வெளியிலிருந்தே உணரும் வகையும் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் புளூம் என்னும் கருவி அவ்வகையைச் சேர்ந்தது.

எண்ணுவதுவரை எல்லாக் கருவியும் ஒன்றே. எண்ணிய கணக்கு எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. கடையிலே பெட்டியில் அடைத்து வரும் கருவிகளிற் பல, உங்கள் வீட்டு வைஃபை வழியாகக் கணக்கைக் கடல்கடந்து கம்பனியின் கணினிக்கு அனுப்பிவிடும். நீங்கள் தொலைபேசியைத் திறந்தால், அங்கே போன கணக்கு அங்கிருந்து திரும்பி வந்து உங்களுக்குக் காட்டப்படும். சமையலறைக் குழாய்க்கும் சமையலறையில் நிற்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சமுத்திரம்! இதற்கு அவர்கள் முகில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகில் என்றால் நுவரெலியாக்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் உள்ளே வந்து பாயை நனைக்கும் பொருள் அது. கம்பனிக்காரரின் முகிலோ வானத்தில் இல்லை. வேறொரு தேசத்திலே குளிரூட்டிய கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருக்கும் கணினிகளுக்கு இட்ட செல்லப்பெயர் அது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரொருவர் அத்தகைய கருவியை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தாரென்று வைத்துக்கொள்ளுங்கள். விலைகொடுத்து வாங்கிய பொருள், உங்கள் குழாயில் பூட்டிய பொருள். ஆயினும் கம்பனியிடம் பெயர் பதியாமல் அது பேசாது. இணைய இணைப்பு அறுந்தால் பேசாது. கம்பனி தன் கணினியை நிறுத்திவிட்டால் என்றைக்குமே பேசாது. இது வெறும் அச்சமன்று. ரிவோல்வ் என்னும் வீட்டுக் கருவியை அதனை வாங்கிய பெரிய கம்பனி 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, 299 டொலர் கொடுத்து வாங்கியவர்களிடம் வெறும் பெட்டி மிஞ்சிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்னும் கம்பனியின் கணினிகள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. வீடுகளில் விளக்குப் போடும் ஏற்பாடுகள் ஒரே நாளிற் செயலிழந்தன. ஆனால் தம் கருவிகளை வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளோடு இணைத்து வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.

இங்கே, நம் கண்முன் நடந்ததையும் எண்ணிப்பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைகள் சரிந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. ஊற்றிலிருந்து வரும் குழாய் எங்கே உடைந்தது, தொட்டிக்கு நீர் வருகிறதா இல்லையா என்று அறியவேண்டிய நாட்கள் அந்த நாட்களே. முகிலை நம்பிய கருவி அன்று ஊமையாகும். வீட்டுக்குள் எண்ணி வீட்டுக்குள் எழுதும் கருவிக்கு, தொலைபேசிக்கு மின்னூட்டும் ஒரு சிறு மின்கலப் பெட்டி இருந்தாற் போதும்.

அப்படியொரு கருவியை அமைப்பது கடினமா? நம் பிள்ளைகளுக்குக் கடினமில்லை. துடிப்பை எண்ண ஈ.எஸ்.பி. 32 எனப்படும் சில்லு ஒன்று. வைஃபை அதனுள்ளேயே இருக்கிறது. இணையம் இல்லாத இடத்தில் அந்தச் சில்லே ஒரு சிறு வைஃபை வலையை உண்டாக்கும். தொலைபேசியால் அதனோடு இணைந்து பக்கத்தைத் திறந்தால் எண் தெரியும். சற்று வசதியுள்ள வீடாயின், ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியில் ஹோம் அசிஸ்டன்டை ஏற்றி, நாள், வாரம், மாதம் என்று வரைபடமாகவே பார்க்கலாம். சில்லுக்கு வேண்டிய மென்பொருள் ஈ.எஸ்.பி. ஹோம் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. வேலைத்திட்டத்தை ஒருமுறை ஏற்றுவதற்கு இணையம் வேண்டும். அட்டன் நகரில் வைத்து ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம். வீட்டுக் கருவியின் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மாதச் சந்தா என்ற பேச்சே இல்லை.

ஆனால் இரண்டொரு சங்கடம் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. முதலாவது, இணையமில்லாத கருவிக்கு நேரம் தெரியாது. முகிலோடு பேசும் கருவி மணியை அங்கிருந்து கேட்டுக்கொள்ளும். தனித்து நிற்கும் கருவி மின்சாரம் நின்று வந்தால் தன் பிறப்பையே புதிதாகத் தொடங்கும். எத்தனை லீற்றர் என்று சொல்லும்; எப்போது என்று சொல்லாது. திகதி இல்லாத கணக்கு நீதிமன்றத்துக்கு உதவாதென்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ஆதலால் பொத்தான் மின்கலத்தில் ஓடும் கடிகாரச் சில்லு ஒன்றையும் சேர்த்துப் பொருத்தவேண்டும். டி.எஸ். 3231 என்பது அதற்குப் பெயர் பெற்றது. கணக்கை நினைவட்டையிலே எழுதச் செய்யவேண்டும். அட்டையும் பழுதாகக்கூடும் என்பதால், காலைதோறும் ஒருவர் எண்ணைப் பார்த்து அப்பியாசக் கொப்பியில் எழுதிக் கையொப்பமிடவேண்டும். இதைக் கேட்டு இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, மலைக்குழாயின் குணம். ஊற்று நீரோடு இலையும் மணலும் வரும். சில்லு அடைபட்டால் நீர் ஓடும், கணக்கு ஓடாது. முன்னே ஒரு வலைவடி பூட்டி, வாரமொருமுறை கழுவவேண்டும். குழாயில் காற்று புகுந்தால் காற்றே சில்லைச் சுழற்றும். வராத தண்ணீர் வந்ததாகக் கணக்கு எழும். அது நமக்கு எதிராகவே முடியும். உயரத்திலிருந்து நேரே இறங்கும் குழாயில் அமுக்கம் மிகும். நூறு மீற்றர் உயரமெனில் ஏறத்தாழப் பத்து வளிமண்டல அமுக்கம். எனவே கருவியைத் தொட்டிக்குக் கீழே, லயத்துக்குப் போகும் குழாயிலே பூட்டுவதே முறை. அரை அங்குல உணரி ஒரு வீட்டுக்கு மட்டுமே. அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லீற்றர் வரைதான் நம்பத்தக்கது. சொட்டுச் சொட்டாக ஒழுகுவது அதன் கண்ணிற் படாது. முழு லயத்துக்கும் அளக்கவேண்டுமானால், துடிப்பு வெளியீடு உள்ள பெரிய நீர்மானி வாங்கவேண்டும். அதற்குச் செலவு கூடும். குழு சேர்ந்து வாங்கலாம்.

எந்தக் கருவியையும் நம்பிவிடாதீர்கள். வாளி வைத்துச் சோதியுங்கள். இருபது லீற்றர் கான் நிறையும்போது 9,000 துடிப்பு வரவேண்டும். 8,100 தான் வந்ததென்றால், உங்கள் கருவிக்கு லீற்றருக்கு 405 என்று மாற்றி எழுதுங்கள். மும்முறை சோதித்து, சோதித்த நாளையும், யார் யார் முன்னிலையில் என்பதையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள். தராசுக்கு முத்திரை எப்படியோ, இக்கருவிக்கு அந்த முதற் பக்கம் அப்படி.

இத்தனை பாடுபட்டு அளந்தால் கிடைப்பது என்ன? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். நள்ளிரவு 1 மணி முதல் 4 மணி வரை லயத்தில் எவரும் தண்ணீர் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து லயத்துக்கு நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடுகிறதென்று கருவி காட்டினால், அவ்வளவும் ஒழுக்கு. மணிக்கு 120 லீற்றர். நாளொன்றுக்கு 2,880 லீற்றர். பன்னிரண்டு காம்பரா, அறுபது பேர் என்று கொண்டால் ஆளுக்கு 48 லீற்றர். மனிதனொருவனுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லீற்றர் வரை வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, ஒருவருக்கு வேண்டிய குறைந்த அளவுக்கு ஏறக்குறைய நிகரான நீர் மண்ணுக்குள் போகிறது. "நீங்கள் வீணாக்குகிறீர்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு அந்த மூன்று மணி நேரக் கணக்கே மறுமொழி. எல்லாரும் உறங்குகையில் வீணாக்குவது யார்? பழைய குழாய்! அதை மாற்றவேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அப்போதுதான் சரியான மேசைக்குப் போய்ச் சேரும். ஒழுக்கு இல்லை, வரும் நீரே குறைவு என்று கணக்கு காட்டினாலும் நன்றே. வழக்கு வேறு வடிவம் பெறும்.

இங்கே சட்டத்தரணியாக ஓர் எச்சரிக்கை. நீர்வழங்கல் சபையின் மானியையும் அதன் முத்திரையையும் தொடாதீர்கள். உங்கள் கருவி மானிக்கு இப்பால், உங்கள் பக்கத்துக் குழாயில் இருக்கவேண்டும். தோட்டத்தின் குழாயிலே பூட்டுவதாயின் குழுவின் பெயரால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் மறுப்பையும் எழுத்தில் தரக் கேளுங்கள். தண்ணீரை அளக்கவேண்டாமென்று கையெழுத்திட்டுக் கொடுக்க எவருக்கும் மனம் வராது.

இனிச் சாட்சியத்தைப் பற்றி. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 34 ஆம் பிரிவு, ஒழுங்காக எழுதி வரும் கணக்கேடுகளை ஏற்கிறது. அவை மட்டுமே ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்தப் போதா என்றும் சொல்கிறது. தண்ணீர்க் கொப்பி அத்தகைய கணக்கேடு ஆகாதென்று எதிர்த்தரப்பார் வாதாடக்கூடும். வாதாடட்டும். அதே சட்டத்தின் 159 ஆம் பிரிவின்படி, சாட்சி தான் அந்நேரத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். காலைதோறும் எண்ணை எழுதிய தாய் கூண்டிலேறி, கொப்பியைப் பார்த்துச் சொல்லலாம். இயந்திரத்தின் பதிவையே காட்டவேண்டுமாயின், 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினிச் சாட்சியத்துக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கிற்று என்பதை யாரேனும் நிறுவவேண்டும். கருவி நம் லயத்தில் இருந்தால், அதைப் பூட்டிய இளைஞன் வந்து சொல்வான். கணக்கு கலிபோர்னியாவில் இருந்தால் யார் வந்து சொல்வார்? கம்பனிக்குக் கடிதம் எழுதி, அது அடுத்த தவணைக்கு மறுமொழி அனுப்புமென்று காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு, இதைத் தாய்மார்கள் கவனிக்கவேண்டும். வீட்டுத் தண்ணீர்க் கணக்கு வீட்டின் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது குளிக்கிறீர்கள், எந்தப் பகலில் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒரு காம்பராவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து ஊகிக்கலாம். தோட்டத்தில் பெயர் போடாதவர் லயத்தில் இருக்கலாமா என்ற தகராறு ஓயாத மண்ணிலே, இந்த நாட்குறிப்பு யார் கைக்குப் போகும் என்பது சிறிய கேள்வியன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் பற்றிய தரவைக் கேட்டறியும் உரிமையை வகுத்துள்ளது. கேட்டறியும் உரிமை நல்லதே. கேட்கவேண்டிய நிலையே ஏற்படாமல் கையில் வைத்திருப்பது அதனினும் நல்லது. லயத்துக்குள்ளும் இதே நியாயம் பொருந்தும். குழுவின் கருவி முழு லயத்துக்கும் போகும் நீரை அளக்கலாம். ஒரு வீட்டின் கணக்கை அவ்வீட்டார் இணங்காமல் குழுத் தலைவரும் பார்க்கலாகாது. கருவியின் கடவுச்சொல்லை வாங்கிய அன்றே மாற்றிவிடவேண்டும்.

உத்தியோகத்திலுள்ள நண்பர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். "நாம் கொழும்பில் இருக்கிறோம். முகில் இருந்தாலல்லவா ஊரில் பெற்றோர் வீட்டுத் தொட்டி நிறைந்ததா என்று இங்கிருந்தே பார்க்கலாம்?" நியாயமான ஆசை. கணக்கு வீட்டில் இருக்க, அதிலிருந்து வேண்டிய ஒரு வரியை மட்டும், வேண்டியபோது, வேண்டியவருக்கு அனுப்ப எவர் தடை? அம்மா தொலைபேசியில் எண்ணைப் படித்துச் சொன்னாலும் போதும்; அந்தச் சாக்கில் பிள்ளைகள் தாயோடு பேசியதாகவும் இருக்கும்.

நுவரெலியாவிலும் இராகலையிலும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் செய்வோருக்கு இக்கருவியின் பயன் வேறு வகையானது. ஹோஸ் பிடித்து நீர் இறைக்கும் பாத்திக்கு எவ்வளவு நீர் போனதென்று தெரிந்தால், மோட்டார் ஓடிய செலவும் விளைச்சலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரே ஓடையில் மேலிருப்பவர் எடுத்தது எவ்வளவு, கீழே வந்தது எவ்வளவு என்ற சச்சரவிலும், இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு கருவி நூறு வாய்ச்சண்டையை நிறுத்தும்.

ஒன்றை மறந்துவிடவேண்டாம். இக்கருவி தண்ணீரை உண்டாக்காது. தூய்மையா என்றும் சொல்லாது. மேலே கழிவு கலந்த நீரையும் அது மகிழ்ச்சியோடு எண்ணிக்கொண்டிருக்கும். நீரின் தரத்தைச் சோதிப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. அரச நிறுவனங்கள் சோதித்த முடிவுகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் கேளுங்கள். விண்ணப்பம் எழுத எம்மைப் போன்றோர் இருக்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

தொடங்குவது எங்கே? கருவி வாங்குவதில் அன்று. ஒவ்வொரு குழுவும் தன் பீலியிலே இருபது லீற்றர் வாளியை வைத்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறதென்று காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஏழு நாள் எழுதிக்கொண்டு வாருங்கள். 1,200 ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பது வரும். பாடசாலைப் பிள்ளைகள் போட்டுத் தருவார்கள். எந்த லயத்தில் எண் மிகவும் தாழ்ந்திருக்கிறதோ, அந்த லயத்தில் முதற் கருவியைப் பூட்டுவோம். கடிகாரச் சில்லும் நினைவட்டையும் வாங்கும் பொறுப்பை ஆசிரியர்கள் ஏற்றிருக்கிறார்கள். கொப்பியை யார் வைத்திருப்பது என்பதை அந்த லயத்துத் தாய்மார்களே கூடித் தீர்மானிக்கட்டும்.